கோணப்பட்டி மன்றம் ஹாலைச் சுமந்து போய் ரிசீவர் வாங்கிய கதை

கோணப்பட்டியில் மூளை இல்லாதவர் ஒருவரும் கிடையாது. எல்லோருக்கும் ஆளுக்கொன்று இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் மனமகிழ் மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு ஹால் உண்டு. நான்கு சுவர், மேலே தகரக் கூரை, உள்ளே ஒரு பெரிய டிவி, கை வைத்த நாற்காலி ஒன்று. உறுப்பினர்கள் பாயில் உட்காருவார்கள். நாற்காலியில் தலைவர் மாசிலாமணி மட்டும் உட்காருவார். தேர்தல் நடந்த அன்று அவர் அந்த நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் மனம் வராததால் அவரையே தலைவராக்கிவிட்டார்கள்.

மன்றத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். நெருப்பு சுடுமா சுடாதா என்பதைக்கூட ஒருமுறை அப்படித்தான் முடிவு செய்தார்கள். சுடாது என்ற கட்சி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்ட மன்றத்தில் டிவியின் சத்தம் குறைந்துபோயிற்று. போர்வைக்குள் இருந்து யாரோ முனகுவது போலக் கேட்டது. போன பொங்கலுக்குப் போட்ட படத்தில் யார் கதாநாயகன் என்று கடைசி வரை தெரியவில்லை. பாதிப் பேர் வில்லனுக்குக் கைதட்டினார்கள்.

மாசிலாமணியின் மனைவிக்குத் தம்பி ஒருவன் உண்டு, பரமு. அந்த நாற்காலியின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"மச்சான், கோயில் கொடைத் திருவிழாவுக்குள்ள சினிமாக் கொட்டகை மாதிரி சத்தம் வரணும். இல்லேன்னா நாற்காலிய விட்டு எந்திரிச்சிருங்க" என்றான்.

மாசிலாமணி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். தலைவர் பதவி போனால் போகட்டும், பாயில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்குமே என்பது அவர் கவலை. உடனே டவுனில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ஜமால் பாய்க்குப் போன் போட்டார்.

ஜமால் பாய் பொறுமையாகச் சொன்னார்: "ஹோம் தியேட்டர்னா அதுக்கு ரிசீவர்னு ஒரு பெட்டி வேணும்ணே. அதுதான் அஞ்சு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்கும். கம்மி பட்ஜெட்லயே நல்லது இருக்கு. பளபளப்பைப் பாத்து எடுக்காதீங்க, ஹாலுக்குத் தக்கன எடுங்க. ஹால் அளவைக் கொண்டு வாங்க, நான் சொல்றேன்."

ஹால் அளவை எப்படிக் கொண்டுபோவது என்று மன்றம் கூடியது.

"டேப் வெச்சு அளக்கலாம்" என்றான் அய்யாக்கண்ணு.

"டேப்பைச் சுருட்டினா ஹாலும் சுருங்கிப்போகாதா?" என்று கேட்டான் தவசி.

எல்லோரும் யோசித்தார்கள். சுருங்கும் என்றே பட்டது.

"அப்ப எட்டு வெச்சு அளந்து மனசுல வெச்சுக்குவோம்" என்றான் மச்சக்காளை.

"யார் மனசுல?" என்றார் மாசிலாமணி. அந்த அளவுக்கு இடம் உள்ள மனசு அங்கே யாரிடமும் இல்லை.

கடைசியில் மாசிலாமணிக்கே யோசனை உதித்தது. ஹாலின் நான்கு மூலையிலும் நான்கு பேரை நிறுத்தினார். முன்மூலைகளில் அய்யாக்கண்ணுவும் பரமுவும். பின்மூலைகளில் தவசியும் மச்சக்காளையும். ஒருவர் இடுப்பிலிருந்து அடுத்தவர் இடுப்புக்குக் கயிறு கட்டினார். ஜன்னல் வழியே கயிற்றை வெளியே எடுக்க ஒரு காலை நேரம் முழுக்கப் போயிற்று. வாசல் திறந்துதான் இருந்தது.

"நான் சொல்லாம பின்மூலை ரெண்டும் அசையக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, மாசிலாமணி நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுவில் நடந்தார். விட்டுவிட்டுப் போனால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா.

பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். ஹால் நடந்தே போனது. வழியில் ஒரு ஆட்டு மந்தை கயிற்றுக்கு அடியில் புகுந்தது. மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, வாசல் அந்தப் பக்கம் இருக்கு. சுவர் வழியா ஆட்டை ஓட்டிட்டு வர்றியே" என்றார்.

மேய்க்கிறவர் ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். "எந்த ஊரு?" என்று கேட்டார். கோணப்பட்டி என்றதும் மந்தையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்.

அரிசி மில் பக்கம் ஒரு நாய் துரத்தியது. முன்மூலைகள் இரண்டும் ஓடின. பின்மூலைகளுக்கு ஓட உத்தரவு இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டன. பக்கத்துக் கயிறு இரண்டும் படீரென்று அறுந்தன. தவசி தன் துண்டை ஒரு பக்கமும், மச்சக்காளை தன் துண்டை மறுபக்கமும் வைத்து முடிந்து ஒட்டுப்போட்டார்கள். ஹால் ஒரு துண்டு நீளம் வளர்ந்துவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிப்பது அவர்கள் வழக்கமும் இல்லை.

டவுனில் ஹாலைவிடக் கடை சின்னதாக இருந்தது. அய்யாக்கண்ணுவும் பரமுவும் கல்லா அருகே நின்றார்கள். தவசியும் மச்சக்காளையும் நடுத்தெருவில் நின்றார்கள். ஆட்டோக்கள் அவர்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போயின. மாசிலாமணி வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே இது?" என்றார் ஜமால் பாய்.

"ஹால். நீங்கதான் கொண்டு வரச் சொன்னீங்க."

ஜமால் பாய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

அய்யாக்கண்ணு இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமானதுதான் நல்லது என்றான். பரமு பின்னால் ஓட்டை அதிகம் உள்ளதை எடுக்கச் சொன்னான். காற்று நன்றாகப் போகும் என்றான்.

"அது காத்துக்கு இல்லப்பா, வயர் சொருக" என்றார் ஜமால் பாய். மாசிலாமணி பக்கம் திரும்பினார். "சின்னப் பெட்டியே உங்களுக்குப் போதும்னு நெனச்சிருந்தேன். ஆனா நீங்க கொண்டு வந்த ஹால் பெருசா இருக்கு. இதுக்கு இந்தப் பெரியதுதான் சரி. இதுவும் விலை கம்மிதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இதைவிடச் சின்ன ஹால்ல வெச்சு முழு சத்தம் வெச்சீங்கன்னா காது போயிரும்."

மாசிலாமணி பெரியதை வாங்கினார். ஐந்து ஸ்பீக்கரையும் ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பி, கொண்டுபோன ஹாலைப் பழைய இடத்தில் வைக்கப் பார்த்தார்கள். முன்மூலைகள் சரியாகப் பொருந்தின. பின்மூலைகள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்துக் கயிறு இரண்டும் தொளதொளவென்று தரையில் கிடந்தன.

"நம்ம ஹால் சுருங்கிருச்சு" என்றான் தவசி.

"ஒரு நாள் ஆள் இல்லாமக் கெடந்தா அப்படித்தான்" என்றான் மச்சக்காளை.

அய்யாக்கண்ணு தயங்கித் தயங்கி, "சத்தத்தைக் குறைச்சு வெச்சா என்ன?" என்று கேட்டான்.

அவனை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"அடேய், காசு கொடுத்து சத்தம் வாங்கிட்டு அதைக் குறைச்சு வெக்கிறதா?" என்றார் மாசிலாமணி.

"அப்ப பெட்டியைத் திருப்பிக் கொடுத்துருவோம். நாற்காலியையும் கொடுத்துருங்க மச்சான்" என்றான் பரமு.

கொடைக்கு ஒரு நாள்தான் பாக்கி. மாசிலாமணி நாற்காலியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு பின்சுவரைப் பார்த்தார். மூன்றில் இல்லாமல் சமாளிக்கக்கூடியது சுவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் எழுந்தது. கடப்பாரை வந்தது.

சுவர் போனதும் ஹால் அளவு மிகச் சரியாக இருந்தது. தகரக் கூரைக்கு மட்டும் அது தெரியவில்லை. அது மெதுவாகப் பின்பக்கம் இறங்க ஆரம்பித்தது. தவசியும் மச்சக்காளையும் ஓடிப்போய்க் கையால் தாங்கினார்கள். இரண்டு பேர் போதவில்லை. மன்றமே வரிசையாக நின்று தாங்கியது. பரமுவும் தாங்கினான். பின்சுவரில் மாட்ட வேண்டிய ஸ்பீக்கர் இரண்டையும், சுவர் இல்லாததால், தவசி கழுத்திலும் மச்சக்காளை கழுத்திலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் படம் போட்டார்கள். சத்தம் பிரமாதமாக வந்தது. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் மாசிலாமணி ஒருவர்தான். மற்ற எல்லோரும் கூரையைத் தாங்கிக்கொண்டு, மூக்கு அரித்தால் சொரிய வழியில்லாமல் நின்றார்கள்.

இடைவேளையில் பரமு பொறுக்க முடியாமல் பேசினான். "இது நியாயமில்ல மச்சான். தலைவரை மாத்தணும். ஓட்டுக்கு விடுங்க."

மாசிலாமணிக்கு நாற்காலியை விட மனமில்லை. ஆனால் மன்ற வழக்கத்தை மீற முடியாது. எழுந்து நின்று, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நானே தலைவரா இருக்கணும்னு நெனக்கிறவங்க கையைத் தூக்குங்க."

பார்த்தார். வரிசை முழுக்கக் கைகள் மேலே இருந்தன. ஆளுக்கு இரண்டு. பரமுவின் கையும் இரண்டு.

மாசிலாமணி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "ஒத்தக் கை போதும்ப்பா. நீங்க ரெண்டு கையையும் தூக்கிட்டீங்க. மாப்ள, நீயுமா" என்றார்.

"அது கூரைக்குத் தூக்கின கை" என்றான் பரமு.

"தூக்கின கை தூக்கின கைதான்" என்றான் தவசி. வழக்கம் அப்படித்தான் என்று மச்சக்காளையும் சொன்னான்.

"சரி, எனக்கு எதிரானவங்க கையைக் கீழ இறக்கலாம்" என்றார் மாசிலாமணி பெருந்தன்மையாக.

யாரும் இறக்கவில்லை. பரமு ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் கொள்கைதான் பெரிது என்று இரண்டு கையையும் இறக்கினான். கூரை இறங்கி அவன் உச்சந்தலையில் உட்கார்ந்தது.

மன்றம் இதைப் பற்றித் தீவிரமாக விவாதித்தது. கையால் எதிர்த்துவிட்டுத் தலையால் தாங்கியிருப்பதால் அந்த ஓட்டு செல்லாது என்று முடிவானது.

"என்ன மாப்ள, ஒத்துக்கிறியா?" என்று கேட்டார் மாசிலாமணி.

பரமு முடியாது என்று தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினான். தகரக் கூரை முழுவதும் இடி இடித்தது போல் கடகடவென்று அதிர்ந்து ஓய்ந்தது.

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி அதை அனுபவித்தார்.

"படம் ஆரம்பிச்சிருச்சு போல" என்றார். "இந்த விலைக்கு இப்படி ஒரு சத்தம் எவன்டா தருவான்?"