ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சு

தேர்வு அதிகாரி ஆளவந்தாருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. சாரணர் இயக்கத்தில் தான் ஏறாத படியே இல்லை என்று மேடைக்கு மேடை சொல்வார். அடுத்த பிள்ளை ஒரு படி ஏறினால் மட்டும் பொறுக்காது.

அன்று நகராட்சிப் பள்ளிக்கு வந்தார். 'நீலப்பறவைகள்' என்கிற குட்டிச் சாரணியர் எல்லாருக்கும் வரிசையாகக் கை கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பு செவ்வந்தியிடம் நின்றார். அடுத்த படியான வெள்ளிச் சிறகு பேட்ஜ் வாங்க வேண்டியவள் அவள்; அவளுடைய நற்செயல் குறிப்பேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"முப்பது நாளும் தினம் ஒரு நற்செயலா? டீச்சர் எழுதிக் குடுத்ததுதானே?"

"நானே செஞ்சதுங்க ஐயா."

"அப்போ ஸ்கார்ஃப் நுனியில முடிச்சு ஏன் அவிழல?"

"அன்னன்னைக்கு நற்செயலைச் செஞ்சாத்தான் அவிழ்க்கணும். இன்னைக்கு இன்னும் செய்யல ஐயா."

"இப்பவே செய். நின்ன இடத்தைவிட்டு ஓரடி நகரக் கூடாது. முடியலேன்னா இந்தப் பள்ளிக்கே சிறகு கிடையாது!"

டீச்சர் முகம் வெளிறிப்போனது. செவ்வந்தி ஆளவந்தாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் குனிங்க ஐயா, காதுல சொல்றேன்."

"காதுலயா? என்ன தில்லுமுல்லு? எல்லாரும் கேக்கச் சத்தமாச் சொல்லு!"

"சரிங்க ஐயா. சாரணர்னா இடது கைதான் குடுக்கணும், சேர்ந்த அன்னைக்கே சொல்லித் தருவாங்க. நீங்க எங்க எல்லாருக்கும் வலது கை குடுத்தீங்க. அடுத்த பள்ளியில யாரும் சிரிச்சுடக் கூடாதேன்னுதான் காதுல சொல்ல வந்தேன்."

மைதானமே சிரித்தது. இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்ட ஆளவந்தார், கையெழுத்துப் போடத்தான் வெளியே எடுத்தார்.

செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.