ரத்தம் காட்டினால்தான் தண்ணீர்

அந்தக் கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. காட்டுப்பன்றியும் காட்டெருமையும் மணலைத் தோண்டி ஓர் ஊற்று எடுத்தன. தோண்ட முடியாத பிராணிகளும் வந்து குடிக்கலாம் என்பது அங்கே வெகுகால வழக்கம்.

ஒருநாள் மயில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"நொண்டி நொண்டி வந்து தண்ணி குடிச்சானே அந்த நரி, மேட்டைத் தாண்டினதும் நாலுகால் பாய்ச்சல்ல ஓடுறான்! என் கண்ணால பார்த்தேன்!"

அவ்வளவுதான். ஊற்றங்கரையில் வேறு பேச்சே இல்லை.

"நாம மூக்கு தேயத் தோண்டுறோம். இவங்க நோகாம குடிச்சிட்டுப் போறாங்க!" என்று உறுமியது காட்டுப்பன்றி.

"சும்மா கிடைச்சா எவன்தான் தோண்டுவான்? எல்லாரும் நடிக்கிறாங்க!" என்றது காட்டெருமை.

ஏமாற்றியது ஒரே ஒரு நரி. திட்டு வாங்கியதோ, தோண்ட முடியாத அத்தனை பேரும். அந்த நரியைக் கூப்பிட்டுக் கண்டிக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். இனி நொண்டுவதை நம்புவதில்லை. ரத்தக் காயத்தைக் காட்டினால்தான் தண்ணீர். காவலுக்குப் பன்றி நின்றது.

மறுநாள் ஒரு தாய்க் கடமான் தன் குட்டியோடு வந்தது. வேட்டைக்காரன் வைத்த கம்பிக் கண்ணியில் அதன் முன்னங்கால் அறுபட்டிருந்தது. அந்தக் காலால் மணலைக் கிளறக்கூட முடியாது. தாகத்தில் மடியும் வற்றிக்கொண்டிருந்தது.

"காயம்னு சொல்றே, ஒரு சொட்டு ரத்தத்தைக் காணோமே!" என்றது பன்றி.

"நக்கிச் சுத்தமா வச்சிருக்கேன் அண்ணே. ரத்த வாடை அடிச்சா சிறுத்தை தேடி வந்துரும்."

"மேலெல்லாம் பளபளன்னு இருக்கு. இது கஷ்டப்படுற உடம்பா? நாளைக்கு ரத்தத்தோட வா, பார்க்கலாம்!"

பின்னாலேயே அதே நரி வந்தது. எங்கோ பிடித்த எலியின் ரத்தத்தைக் காலில் பூசியிருந்தது. "ஐயோ பாவம்!" என்று பன்றி வழிவிட்டது.

புதருக்குத் திரும்பிய கடமான் அன்று காயத்தை நக்கவில்லை. குட்டி வெறும் மடியை முட்டி முட்டிச் சப்பியது. அதைப் பார்த்துவிட்டுத் தாய் தன் காலைப் பாறையில் உரசியது. ஒரு வாய்த் தண்ணீருக்காக ஆறிவரும் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டது.

விடிந்ததும் கடமான் ரத்தம் சொட்டச் சொட்ட ஊற்றுக்கு வந்தது.

"அண்ணே, பாருங்க! ரத்தம்!" என்றது.

பன்றி பார்த்தது. வாடை பிடித்துப் பின்தொடர்ந்து வந்த சிறுத்தையும் பார்த்தது. ஒரே பாய்ச்சல்! எல்லாரும் சிதறி ஓடினார்கள். சிறுத்தை தாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெகுநேரம் கழித்துப் பன்றி திரும்பி வந்தது. குட்டி ஊற்றின் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. நாக்கு உலர்ந்திருந்தது. ஆனாலும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

"குடிம்மா, குடி" என்றது பன்றி.

"எனக்குத்தான் காயமே இல்லையே மாமா" என்றது குட்டி. "எந்த இடத்துல கடிச்சுக்கிட்டா ரத்தம் வரும்?"



உதவி கேட்டு வருகிறவரை அவருடைய துயரத்தைக் கடைபரப்பிக் காட்டச் சொல்வது, உதவி செய்ய மறுப்பதைவிடப் பெரிய கொடுமை.