கற்பனையைப் பிடித்து வரச் சொன்ன மன்னர்

மருதங்காட்டு மன்னர் பூபாலசிங்கர் தங்கமான மனிதர். ஒரே ஒரு சிக்கல். யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார். "மழை வரும்போல இருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் போய் நின்றுவிடுவார்.

அவருடைய ஒரே மகள் அமுதவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூறைப் புடவைக்கு விதவிதமான கரைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இளவரசி உதட்டைப் பிதுக்கினாள்.

"மாங்காய், மயில், அன்னம்! பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது அப்பா. இதுவரை யாரும் உடுத்தாத கரையாக இருந்தால்தான் மணையில் உட்காருவேன்."

அரண்மனை ஓவியர் வரதப்பரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் தாடியைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். தூரிகை காய்ந்ததே தவிர ஒரு கோடுகூட விழவில்லை.

"என்ன ஆயிற்று, ஓவியரே?" என்று கேட்டார் மன்னர்.

"கற்பனை வரவில்லை, மன்னா."

"ஏன் வரவில்லை? ஆள் அனுப்பினீரா?"

ஓவியர் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தளபதி கடம்பராயர் முந்திக்கொண்டார். ஓவியர் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

"நான் பிடித்து வருகிறேன், மன்னா! அதுவரை ஓவியரை ஜன்னல் இல்லாத அறையில் பூட்டி வைப்போம். கண்டதையும் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்?"

"அப்படியே செய்!" என்றார் மன்னர்.

கோட்டை வாசலில் காவல் போடப்பட்டது. கற்பனையைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு.

"யாரம்மா நீ? கற்பனையா?"

"இல்லீங்க, கீரை."

"போ, போ!"

குயவர் வந்தார், திருப்பி அனுப்பினார்கள். அப்பளக்காரர் வந்தார், அவரும் அப்படியே. தயிர்க்காரி ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். அவள் பெயர் கற்பகம்.

"கிட்டத்தட்டப் பிடித்துவிட்டோம்!" என்று காவலர்கள் குதித்தார்கள். அவளைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் ஓவியர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் பொழுது சாயும் வரை ஓவியரைத் திட்டித் தீர்த்துவிட்டு, தயிர் புளித்துப்போனதற்கும் சேர்த்துத் தளபதியைத் திட்டிவிட்டுப் போனாள். கரை மட்டும் வரவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. இளவரசி சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். மன்னருக்குத் தூக்கம் போயிற்று.

கடம்பராயர் மெல்லப் பற்ற வைத்தார். "மன்னா, ஊரையே சலித்துவிட்டோம். கற்பனை என்று யாருமே இல்லை. ஓவியர் பொய் சொல்லியிருக்கிறார். அரசரிடம் பொய் சொன்னால் தலை போகும் என்பதுதானே சட்டம்?"

வரதப்பரைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். வெளிச்சம் பட்டதும் கண் கூசியது.

அப்போது எழுந்தான் சேந்தன். சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் அவன் ஒருவன்தான்.

"மன்னா, கற்பனை தினமும் வருகிறது. வாசலில் இவர்கள்தான் விரட்டிவிடுகிறார்கள்."

"என்ன! விரட்டுகிறார்களா?"

"ஆமாம். தாங்கள் நகர்வலம் போகும்போது மாறுவேடம் போடுவதில்லையா? கற்பனைக்கும் அதே பழக்கம்."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! என்ன வேடத்தில் வரும்?"

"அது தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன மாறுவேடம், மன்னா?"

"நியாயம்தான்!" மன்னர் தொடையில் தட்டினார். "கதவைத் திற! வருகிற எல்லாரையும் உள்ளே விடு! ஓவியரே, நீர் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்!"

அவ்வளவுதான். சபை சந்தையாயிற்று. கீரைக்காரி வந்தாள். குயவர் வந்தார். அப்பளக்காரர் அடுப்போடு வந்தார். ஆடுகள் வந்து அமைச்சரின் ஓலையைத் தின்றன. "நீ கற்பனையா? நீயா?" என்று மன்னர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக் கேட்டார், ஆடுகளையும் விடவில்லை. வரதப்பரோ பல நாள் பட்டினி கிடந்தவர் பந்தியைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, குளத்திலிருந்து நேராக எழுந்து வந்தது ஓர் எருமை. சபை நடுவே நின்றது. ஈ ஒன்று கடித்தது. வாலைச் சுழற்றி வீசியது பாருங்கள், ஒரே வீச்சு! கடம்பராயரின் கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில் தோளிலிருந்து முழங்கால் வரை சேறு தெறித்தது.

"ஏய்!" தளபதி வாளை உருவினார்.

"அசையாதீர்கள்!"

கத்தியவர் வரதப்பர். ஓடிவந்து தளபதியின் முன்னால் மண்டியிட்டார். பெரிய துளி, அதன் பின்னால் வரிசையாகச் சின்னத் துளிகள், எல்லாம் சேர்ந்து ஒரே வளைவாக ஓடி முனையில் சுருண்டிருந்தன. ஓவியரின் தூரிகை பறந்தது. தளபதி ஓங்கிய வாளோடு அந்திவரை அப்படியே நின்றார். அசைந்தால் மன்னர் முறைத்தார்.

ஓவியர் அந்தச் சுருளை மடக்கினார், எதிரே இன்னொரு சுருளைச் சேர்த்தார், அரக்கு நிறத்தில் கொடிபோல ஓடவிட்டார். இளவரசி ஓடிவந்து பார்த்தாள்.

"அப்பா, இதுதான்! இதேதான் என் கரை! முதலில் எனக்குச் சோறு போடச் சொல்லுங்கள்!"

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி ஓவியரின் கழுத்தில் போடப் போனார். கடம்பராயருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, இது என்ன அநியாயம்! வரைந்தது எருமை. இவர் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். இதற்கு ஓவியர் எதற்கு? பரிசும் பதவியும் எருமைக்கல்லவா சேர வேண்டும்?"

மன்னரின் கை பாதியில் நின்றது. "அதுவும் சரிதானே?" என்று எருமையின் கழுத்தை அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்.

சேந்தன் பணிவாகக் குனிந்தான். "தளபதியார் சொல்வது மிகவும் சரி, மன்னா. இன்றே எருமையை ஆஸ்தான ஓவியராக நியமித்துவிடலாம். ஆனால் ஒன்று. புது ஓவியருக்குத் தளபதியார் மேல் வரைந்துதான் பழக்கம். ஆகையால் தளபதியார் தினமும் விடிந்ததும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, குளக்கரையில், எருமைக்குப் பின்பக்கமாக வந்து நிற்க வேண்டும்."

"எழுது!" என்று மன்னர் ஓலைக்காரரைக் கூப்பிட்டார். "தளபதி கடம்பராயர், தினமும், விடிந்ததும்..."

"ஐயோ, வேண்டாம் மன்னா!" தளபதி வாளைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "வரைந்தவர் வரதப்பர்தான்! நான் கண்ணால் பார்த்தேன்! எருமை வெறுமனே ஈ ஓட்டியது!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று அப்பளச் சட்டியில் விழுந்தது. முத்துமாலை வரதப்பரின் கழுத்தில் ஏறியது. சேந்தனுக்கு ஒரு சிற்றூரே மானியமாகக் கிடைத்தது. எருமைக்கு ஒரு கட்டுப் புல் கிடைத்தது. அதைத் தளபதிதான் கொண்டுபோய்ப் போட்டார், முன்பக்கமாக நின்றுகொண்டு.