முதல் ஓடு வைத்த இடம்

கேளுங்கள். மழை வேண்டிப் பல நாடுகள் நோன்பிருந்த காலத்தில், மழைக்கு அஞ்சிய நாடு ஒன்றும் இருந்தது. மலையடிவாரத்து நாடு அது. மருதங்கோ என்ற மன்னன் அதை ஆண்டான்.

அங்கே தையில் அறுப்பார்கள், ஆடியில் விதைப்பார்கள். நடுவில் வைகாசியிலேயே மழை பிடித்துவிடும். அதனால் எல்லா ஊர்களின் விதைநெல்லும் அரசனின் நெற்களஞ்சியமான கொட்டாரத்தில், ஒரே கூரையின் கீழ் இருந்தது. அந்தக் கூரை ஒழுகினால் அடுத்த ஆண்டு நாட்டுக்குச் சோறு இல்லை.

பழைய கீற்றுக் கூரை இற்றுப்போனது. மன்னன் ஓடு போடச் சொன்னான்.

முதல் ஆண்டு வந்த கொத்தனிடம், கப்பலில் வந்திறங்கிய பச்சை ஓட்டைக் காட்டினான். கண்ணாடிபோல் மினுங்கியது. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம். கீற்றைச் சுமந்த பழைய கைமரங்கள் இதைச் சுமக்குமா என்று கொத்தன் யோசித்தான். யோசித்துவிட்டு, "ஆகட்டும் மன்னா" என்றான். வைகாசியில் கைமரங்கள் வளைந்தன. ஓடுகள் விலகின. நெல் நனைந்து மூட்டையிலேயே முளைத்தது. தப்பிய கொஞ்சத்தை விதைத்து அந்த ஆண்டைக் கடத்தினார்கள்.

இரண்டாம் ஆண்டு வந்தவன் மெல்லிய தட்டை ஓடுகள் கொண்டுவந்தான். கனம் சரியாக இருந்தது. ஆனால் கொட்டாரத்துக் கூரை அரண்மனை வாசலைவிட உயரக் கூடாது என்றான் மன்னன். சரிவான வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காது என்று வந்தவனுக்குத் தெரியும். அவனும் "ஆகட்டும் மன்னா" என்றான். படுத்துக் கிடந்த கூரையில் மழைநீர் தயங்கி நின்றது. காற்று அதை ஓட்டுக்கடியில் தள்ளியது. நெல் மறுபடி முளைத்தது.

மூன்றாம் ஆண்டு பக்கத்து நாட்டில் விதை கேட்டு வாங்கினார்கள். கொடுத்தவர்கள், "இனி எங்களிடமும் இல்லை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கொட்டாரக் காவலர் பூதனார், சேந்தி என்ற ஓடு வேய்கிறவளைத் தேடிப் போனார்.

"என்ன வேண்டும் உனக்கு?"

"புதுக் கைமரம், நல்ல வாட்டம், நாட்டு ஓடு."

"அரசர் வேறு ஏதாவது சொன்னால்?"

"சொல்லும்போது பார்ப்போம் ஐயா."

"இரண்டு பேர் அப்படித்தான் பார்த்தார்கள்" என்றார் பூதனார்.

இருமுறை பட்ட மன்னன் கனத்தைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் இம்முறை பேசவில்லை. சேந்தி பனங்கைமரம் ஏற்றினாள். ஓட்டின் நீளம் பார்த்து, குறுக்கே வரிச்சுக் கம்புகள் கட்டினாள். பிளந்த மூங்கில்போல் வளைந்த நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். மந்தமாக ஒலித்தவற்றை ஒதுக்கினாள். ஒரு வரிசை மல்லாந்து கிடந்து நீரைக் கொண்டுபோகும், அடுத்த வரிசை கவிழ்ந்து இடுக்கை மூடும் என்று பூதனாருக்குக் காட்டினாள்.

ஓடு வேயும் நாளில் வானம் கறுத்திருந்தது. கூரைச் சட்டத்தின் கீழே விதை மூட்டைகள் பாய் போர்த்திக் கிடந்தன.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். எதைக் கட்டினாலும் முதலில் படுவது அரசன் கை. அவன் வைத்ததன்மேல் வேறொருவர் வைத்தது ஏறக் கூடாது. அமைச்சர் பட்டில் பொதிந்த ஓட்டுடன் மன்னனோடு வந்து, ஏணியை முகட்டில் சாத்தச் சொன்னார்.

"மன்னர் உச்சியில் முதல் ஓட்டை வைப்பார். நீ அங்கிருந்து கீழே வேய்ந்து வா."

சேந்தி அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து வேய்ந்தால் கீழ் ஓடு மேல் ஓட்டின்மீது ஏறும். மேலிருந்து வரும் நீர் அந்த இடுக்கில் நேராக உள்ளே நுழையும். ஆகட்டும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வேலை முடிந்து அவள் ஊர் போன பிறகுதான் மழை வரும். பூதனார் மூட்டைகளின் நடுவே நின்று, அரசனைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகாது மன்னா" என்றாள்.

"ஓட்டுக்காரி அரசருக்கு இடம் ஒதுக்குகிறாள். நல்ல காலம்தான்" என்றார் அமைச்சர்.

"நான் ஒதுக்கவில்லை ஐயா. தண்ணீர் ஒதுக்குகிறது."

மூன்று ஓடுகளை அமைச்சர் சொன்னபடி சாய்வாக அடுக்கினாள். அடியில் ஒரு முறத்தில் பிடி நெல் வைத்தாள். மேலிருந்து ஒரு குடம் நீர் ஊற்றினாள். நெல் நனைந்தது. அதே மூன்று ஓடுகளைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மேல் ஓடும் தன் கீழ் ஓட்டின் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி அடுக்கினாள். புது நெல் வைத்து ஊற்றினாள். நனையவில்லை. மூன்றாம் குடத்தை மன்னனே வாங்கி ஊற்றினான். பிறகு குனிந்து நெல்லைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்படியானால் என் ஓடு எங்கே?"

"இரண்டு இடம் இருக்கிறது மன்னா. முகடு என்றால் எல்லாம் முடிந்தபின், கடைசியாக. முதல் ஓடு என்றால் இறவாரத்தில், கூரையின் கீழ் விளிம்பில். கூரையில் ஒரே ஓடு முதலாகவும் மேலாகவும் இருக்க முடியாது."

"எதற்கு வேலை அதிகம்?"

"இறவாரத்து ஓட்டுக்கு. அதன் வரிசையில் விழும் மழை முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்கும்."

அமைச்சர் வாய் திறந்தார். மன்னன் கையமர்த்தினான். பிறகு பட்டை விலக்கி ஓட்டை எடுத்தான். இறவாரம் அவன் தலை உயரத்தில் இருந்தது. ஏணி வேண்டியிருக்கவில்லை. சேந்தி காட்டிய இடத்தில் ஓட்டை மல்லாத்தி வைத்தான்.

அடுத்த ஓடு சேந்தியின் கையில் இருந்தது. அதை அரசன் ஓட்டின்மேல் ஏற்ற வேண்டும். அவள் தயங்கினாள்.

"வை" என்றான் மன்னன்.

அன்று ஊரே வரிசையாக நின்று ஓடு கைமாற்றியது. மூன்றாம் நாள் முகடு மூடியது. நான்காம் நாள் மழை இறங்கியது. ஏழு நாள் விடவில்லை.

எட்டாம் நாள் பூதனார் மூட்டை ஒன்றை அவிழ்த்து, முழங்கைவரை உள்ளே விட்டார். நெல் உலர்ந்து, கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அடுத்த மூட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆடியில் எல்லா ஊருக்கும் விதை போயிற்று.

முதலாவதாக நிற்க விரும்புகிறவர் மற்றவர்களைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு கீழே நிற்கவும் துணிய வேண்டும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.