புளியங்கொட்டை எண்ணியவள்

பொருநைக் கரையில் பூரணத்தம்மையின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு ஓலைக்கூரை, ஒரு புளியமரம், அவ்வளவுதான். அங்கே பூசை கிடையாது, உபதேசமும் கிடையாது. கவனகம் மட்டும் உண்டு.

கவனகம் பயில்கிறவர் கண்ணை மூடி உட்காருவார். பின்னாலிருந்து ஒருவர் அவர் முதுகில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எறிவார். முன்னால் இருக்கிறவர் பாட்டில் பாதியைச் சொல்லி மீதியைக் கேட்பார், கணக்குக் கேட்பார், கிழமை கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் முதுகில் எத்தனை கொட்டை விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். அரண்மனையில் சால்வை வாங்க ஏற்பட்ட வித்தை. அம்மை அதை மனம் நொந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

பலருக்கு அதில் மனம் தேறியது. ஏன் தேறுகிறது என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும்?" என்பாள்.

சீடர்களில் கோமதிநாயகம் வயதில் மூத்தவர். கருப்பட்டி வியாபாரி. அம்மையைவிடப் பத்து வயது பெரியவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த மகள் வடிவு, ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அவர் கடையைத் திறக்கவில்லை. யாரோ இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆறு மாதம் கொட்டை எண்ணினார். ஏழாவது மாதம் ஒருநாள், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார். அன்றைக்கு மடமே சந்தோஷப்பட்டது.

தேறிய மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி உலகம்மாளையும் மடத்துக்கு அழைத்துவந்தார். அப்போது அம்மை ஊரில் இல்லை. மூன்று மாதம் மதுரைப் பக்கம் போயிருந்தாள். அவள் திரும்பும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அம்மை திரும்பி வந்த அன்று காலையிலேயே முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"எனக்குத் தேறுன மாதிரி இவளுக்கு ஏன் தேறல?"

"கணக்குத் தப்புதோ?"

"அதுதான் இல்ல. என்னையவிட நல்லாச் சொல்லுதா. நூறு கொட்டை எறிஞ்சாலும் ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. எனக்கு இன்னைக்கும் எழுபதத் தாண்டுனா தடுமாறும்."

"அப்புறம் என்ன?"

"சோறு எறங்கல. ஒரு கை கஞ்சியோட எந்திரிச்சிருதா. வைத்தியர் நாடி பிடிச்சுப் பாத்துட்டு, இப்படியே போனா ஆடி தாண்டுறது கஷ்டம்னுட்டாரு. மக போயிட்டா. இவளும் போயிட்டா நான் என்னம்மா செய்வேன்?"

அம்மை கீழே உட்கார்ந்தாள்.

"ஒரு நேரம் செஞ்சத மூணு நேரம் ஆக்கிப் பாத்தேன். கூட்டக் கூட்ட மெலியுதா. மனசு வச்சுச் செய்யலையோன்னு நேத்து ஏசிக்கூடப் போட்டேன்."

"வேற என்ன குறை கண்டீரு அவகிட்ட?"

"குறைன்னா, பதில் சொல்ல நேரமாக்குதா. கொட்டை நின்ன பொறகும் வாயத் தொறக்க மாட்டேங்கா. நாலு தடவ கேட்டாத்தான் சொல்லுவா. சொன்னா சரியாச் சொல்லிருவா."

அம்மை எழுந்தாள். "ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."

புளியமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மை முதலில் கோமதிநாயகத்தின் முதுகில் எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினாள்.

"நாப்பத்தொண்ணு," என்றார் உடனே. கழுத்தைச் சொடுக்கிவிட்டு, பக்கத்துச் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். காலையில் சுமந்துகொண்டு வந்த கவலை அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் இல்லை.

பிறகு உலகம்மாளுக்கு எறிந்தாள். சேலைக்கு மேலேயே முதுகெலும்பு தெரிந்தது. பெரிய ஆளின் துணியைச் சுற்றிவிட்ட குழந்தை மாதிரி இருந்தாள். இருபது விழுந்தது. முப்பது விழுந்தது. அதன் பின் அம்மையின் கை நின்றது.

உலகம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

"முடிஞ்சுது உலகு, சொல்லு," என்றார் கோமதிநாயகம். அம்மை அவரைக் கையமர்த்தினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மரத்தில் காகம் ஒன்று வந்து உட்கார்ந்து, பறந்தும் போனது. உலகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நேரம் போகப் போக அந்தத் தோள் நடுங்கத் தொடங்கியது.

அம்மை முன்பக்கம் வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எதுக்குத் தாயி காத்திருக்க?"

"இன்னொண்ணு வரும்."

"வரலன்னா?"

"வரும். கொஞ்சம் இடைவெளி விட்டுட்டு வரும். முன்னால ரெண்டு தடவ அப்படித்தான் வந்துச்சு."

"எப்பம்மா?"

உலகம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "கடைசி நாளு வைத்தியர் சொன்னாரு. பிள்ள மூச்ச எண்ணிக்கிட்டே இரு, இடைவெளி விட்டா உடனே எனக்கு ஆள் அனுப்புன்னு. விடிஞ்சதுலேருந்து எண்ணினேன். ரெண்டு தடவ நின்னுட்டு வந்துச்சு. ரெண்டு தடவையும் ஆள் அனுப்பினேன், அவரு வரதுக்குள்ள சரியாயிருச்சு. மூணாவது தடவ நின்னப்போ, இதுவும் வந்துரும், இதுவும் வந்துரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆள் அனுப்பல."

கோமதிநாயகத்தின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் மருந்து வாங்க அம்பாசமுத்திரம் போயிருந்தார். மகள் படும் பாட்டைப் பார்க்கத் தாங்காமல், அந்த மருந்து இந்த மருந்து என்று ஒன்பது நாளும் வெளியிலேயே ஓடிக்கொண்டிருந்தவர் அவர். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பிறகும் கேட்டதில்லை. கேட்கப் பயம். இப்போது மூன்று மாதமாக, முதலில் நாளைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று தடவை, அந்தக் கடைசி மூச்சைத் தன் கையாலேயே அவள் முதுகில் எறிந்திருக்கிறார்.

"இத ஏன் எங்கிட்ட ஒருநாளும் சொல்லல?"

"எனக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்ச பொறகுதான் நீங்க வீட்டுல சிரிச்சீய," என்றாள் உலகம்மாள். "அதக் கெடுக்க மனசு வரல."

அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். மகள் செத்த அன்றுகூட ஊர் அவரை இப்படிப் பார்த்ததில்லை. தேறிவிட்டதாகச் சொன்ன மனுஷன்.

வெயில் ஏறிய பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

"அம்மா, இது அவளுக்கு வேண்டாம். வேற பயிற்சி ஏதாவது சொல்லுங்க. எதுன்னாலும் நான் செய்ய வைக்கேன்."

"எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். உமக்கு மருந்தாக் கேட்டுது. போன வருஷம் வந்த படகுக்காரருக்கு ஒருநாளும் எண்ணிக்கை சரியா வந்ததில்ல. ஆனா தூக்கம் வந்துச்சு. இவளுக்கு எண்ணிக்கை வந்துச்சு, வேற ஒண்ணும் வரல. நான் இங்க இருந்திருந்தா முதல் நாளே கேட்டிருக்கணும். இல்லாமப் போனேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்."

"போயி?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா எப்படிம்மா? ஆடி முடிய இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு."

அம்மை மரத்தடியைப் பார்த்தாள். உலகம்மாள் இன்னும் எழவில்லை. சிதறிக் கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி, மண்ணை ஊதி, மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"உம்ம ஊருக்கு ஆத்தோரமா எவ்வளவு தூரம்?" என்று அம்மை கேட்டாள்.

"ரெண்டு நாழிகை நடை."

"அவளுக்கு அது நாலு நாழிகை ஆகும். வழியில நீரு முன்னால நடந்துராதேயும்."