ஈரத்தோடு உள்ளே வரக் கூடாது

நடனசபாபதி மடத்து வாசலுக்கு வந்தபோது வானம் கருத்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் இல்லை.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தின் அதிகாரி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மடத்தை நடத்தும் அபிராமவல்லி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் மனசு கலங்கினால் சபாபதி ஓடி வருவது அந்த அம்மாளிடம்தான். வீட்டில் சொன்னால், "முதல்ல சாப்பிடுங்க" என்பதற்கு மேல் பதில் வராது.

"அம்மா, ஒரு கேள்வி."

"பூசை நடக்குது. அங்கேயே நில்லுங்க."

நின்றார். கூடத்துக்கு முன்னால் கூரை கிடையாது. அறுவடை நேரத்து மழை தூறி எச்சரித்துவிட்டு வருவதும் கிடையாது. மணி அடித்து, கற்பூரம் காட்டி, அம்மாள் வெளியே வந்தபோது சபாபதி தொப்பலாக இருந்தார்.

"என்ன கேள்வி?"

"நிலையத்து வாசல்ல நெல்லு மலையாக் கிடக்கும்மா. நாலு நாளா விட்டு விட்டுப் பெய்யற மழையில எல்லாம் நனையுது. செல்லக்கண்ணுன்னு ஒரு பொம்பளை, குத்தகைக்கு எடுத்து விவசாயம் பண்றவ. அவ குவியல் ஓரத்துல முளையே விட்டுடுச்சு. என் கால்ல விழறா. பதினேழு சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா நான் எடுக்கக் கூடாது. சலுகை கேட்டு மேல எழுதியிருக்கு, பதில் வரலை. எடுக்காத நெல்லைக் கிடங்குக்குள்ள விடவும் கூடாது. கிடங்கு பாதி காலியாக் கிடக்கு. சாவி என் சட்டைப்பையில. எனக்குத் தூக்கமே வரலை. எதும்மா தர்மம்?"

அம்மாள் அவருடைய சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கீங்க. காஞ்சப்புறம் உள்ள வாங்க, பேசலாம்."

"மழை பெய்யுதேம்மா."

"தெரியுது."

"மழையில நின்னா எப்படிக் காயும்?"

"அது உங்க பாடு. கூடத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. ஈரத்தோட வந்து உக்காந்தா பாயெல்லாம் பூசணம் பூத்துடும்."

கூடத்தில் பாய்கள் விரித்தபடி கிடந்தன. ஒரு ஆள் இல்லை. மின்விசிறி யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருந்தது.

சமையல் கட்டிலிருந்து மரகதம் துண்டோடு ஓடி வந்தாள். "பாவம்மா, தலையையாவது துவட்டிக்கட்டும்."

"துண்டு குடுக்கறது சலுகை. பெரியவங்களைக் கேக்கணும்."

"நீங்கதானேம்மா இங்க பெரியவங்க?"

"எனக்கு மேல ஒருத்தர் இருப்பார். அவருக்கு மேல இன்னொருத்தர். கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

மரகதம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். சபாபதி தும்மினார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாள் மறுபடி சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"முன்னைக்கு இப்ப ஈரம் கூடியிருக்கே."

சபாபதிக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் என்ன ஈரமாவா வந்தேன்? காஞ்ச சட்டையோடதான் வந்தேன். நில்லுன்னு சொன்னது நீங்க. நின்ன இடத்துல நனைஞ்சேன். இப்ப என்னையே குத்தம் சொல்றீங்க! இது எந்த ஊர் நியாயம்மா?"

அம்மாளுக்குக் கோபம் வரவில்லை.

"செல்லக்கண்ணு நெல்லு வரும்போது எப்படி வந்துச்சு?"

சபாபதி தன் நனைந்த சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"காஞ்சுதான்," என்றார். "நெல்லைப் பிடிக்கச் சாக்கு வந்து சேரலை. நான்தான்... வெளியில கொட்டி வைன்னு சொன்னேன்."

மழை இன்னும் வலுத்தது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"கிடங்கைத் திறந்து விட்டா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்கம்மா."

"பண்ணலாம்."

"பண்ண மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அம்மாள் வாசலிலிருந்து விலகி வழிவிட்டார்.

"உள்ள வாங்க."

"ஈரமா இருக்கேனேம்மா. பாய்..."

"நனையும். காய வச்சுக்கலாம்."

மரகதம் துண்டை நீட்டினாள். சபாபதி உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையைத் துவட்டாமல் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக வெளியே பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மழை விட்டதும் கிளம்பறேம்மா," என்றார்.

"மழை விட்டப்புறம் போய் என்ன பண்ணப் போறீங்க?"