வேப்பிலை செருகிய வீடு

குறுக்கே பேசாமல் கேளுங்கள். அரசன் பேரைச் சொன்னால் ஆறும் அடங்கி ஓடிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில், ஒருநாள், முள்ளிக்குறிச்சியின் கடைசி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: கணவனை இழந்த வீட்டுக்காரி நல்லக்காள், நெற்குதிருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு பதுங்கியிருந்த எயினி, வாசலில் ஊர்ப் பூசாரி சடையன், தெருவில் வாளேந்திய வீரர்கள், அவர்களுக்குத் தலைவன் விழுப்பரையன். மாரியம்மனும் அங்கே இருந்தாளா என்பதுதான் கதை.

எயினி, சுடரை வணங்கும் மலைக்குடியில் பிறந்தவள். தன் தெய்வத்தை வணங்காத குடிகளை வேரறுக்க அரசன் ஆணையிட்டிருந்தான். ஒளித்து வைப்பவர்க்கும் அதே வாள்தான். ஊரில் கதவெல்லாம் சாத்திக்கொண்டன. நல்லக்காளின் கதவு மட்டும் எயினிக்குத் திறந்தது.

படை வரும் ஓசை கேட்டதும் நல்லக்காள் முற்றத்து வேம்பில் ஒரு கொத்தை ஒடித்து வாசல் நிலையில் செருகினாள். அம்மை கண்ட வீட்டின் அடையாளம் அது. அவ்வீட்டில் அன்னையே வந்து அமர்ந்திருக்கிறாள் என்பது ஊரின் நம்பிக்கை. அயலார் உள்ளே நுழைவதில்லை. நுழைந்தவர் "போய் வருகிறேன்" என்று விடைபெறுவதும் இல்லை. சொன்னால் அன்னையும் அவர் வீட்டுக்குக் கூடவே கிளம்பிவிடுவாள்.

அம்மை காணாத வீட்டில் இலை செருகியவள் அஞ்சினாள். வாளுக்கு அல்ல, அன்னைக்கு.

முதலில் வீரர்கள் வந்தார்கள். இலையைக் கண்டார்கள், பின்வாங்கினார்கள்.

அடுத்துப் பூசாரி வந்தான். "அடி நல்லக்கா, காலையில்கூட ஆற்றில் துணி துவைத்தாயே! உன் வீட்டில் யாருக்கடி அம்மை? பொய் இலை செருகினால் உன் வம்சம் கருகிப் போகும்!"

"எனக்கு ஏது பூசாரியாரே வம்சம்? உமக்குத்தான் வீடு நிறைய இருக்கிறது. உள்ளே வந்து பாரும்."

பூசாரி படியைத் தொடவில்லை.

மூன்றாவதாக விழுப்பரையன் வந்தான். அவன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. "ஒருமுறை வந்தவள் என்னிடம் மறுமுறை வரமாட்டாள்" என்று சிரித்தபடி, இலைக்கடியில் குனிந்து உள்ளே போனான்.

குதிருக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது. அவன் சுற்றிப் போய்ப் பார்த்தான். எயினி கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையின் மேனியில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"அம்மை எங்கே, தாயே?" என்றான் நல்லக்காளிடம், தாழ்ந்த குரலில்.

பச்சைக் குழந்தையை வாளுக்குக் கொடுத்துவிட்டு இலையின் மெய்யைக் கணக்குப் பார்ப்பவள் அன்னையாக இருக்க முடியாது. அப்படித் தெளிந்த கணத்தில் நல்லக்காளின் அச்சம் அகன்றது.

"பொய்தான். அதை அன்னை என்னைக் கேட்கட்டும்; அவளுக்குச் சொல்லப் பதில் வைத்திருக்கிறேன். நீர் கேட்காதீர். உம் முகம் கொதித்துக் கிடந்தபோது யாரோ ஒருத்தி வேப்பிலையால் வருடியிருப்பாளே, எந்தத் தெய்வத்தின் பிள்ளை என்று விசாரித்தா வருடினாள்? வெட்டுவதானால் முதலில் என்னை வெட்டும். கெஞ்சுவேன் என்று காத்திராதீர்."

விழுப்பரையன் வாசலை நோக்கித் திரும்பினான்.

வெளியே பூசாரியும் வீரர்களும் அவன் வாயையே பார்த்து நின்றார்கள். "இழுத்து வாருங்கள்" என்றால் போதும். அவ்வளவு ஏன், நல்லக்காளிடம் "போய் வருகிறேன்" என்றாலே போதும்; அந்த வீட்டில் அன்னை இல்லை என்று ஊர் அறிந்துவிடும்.

அவன் இலைக்கடியில் மறுபடி குனிந்தான். யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கி நடந்தான். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அஞ்சி வந்த உயிருக்கு எவள் கதவு திறக்கிறதோ அவள் வீட்டில்தான் தெய்வம் இருக்கிறது.